பந்தைப் பார்க்காதீர்கள்: காலேஜ் ஃபுட்பாலில் ஓ-லைனையும் டி-லைனையும் எடைபோடுவது எப்படி

2021 டிசம்பர் 31 அன்று ஒரு பிரியாணி பந்தயத்தில் தோற்றேன். அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் ஆரஞ்சு பவுல் என்கிற அரையிறுதி, மிச்சிகன் பல்கலையும் ஜார்ஜியா பல்கலையும். அந்த வருடம் ஜோ மூர் விருது மிச்சிகனுக்குப் போயிருந்தது. அது தனி ஆளுக்குத் தருகிற விருது இல்லை, நாட்டிலேயே சிறந்த ஆஃபென்சிவ் லைனுக்கு (ஓ-லைன், பந்து வைத்திருக்கிற அணியின் முன்வரிசை) மொத்தமாகத் தருவது. சிறந்த ஓ-லைன் வைத்திருக்கிற அணி எப்படித் தோற்கும் என்று வீறாப்பாகப் பந்தயம் கட்டிவிட்டேன். இடைவேளையில் 27-3, முடிவில் 34-11. ஜெயித்தது ஜார்ஜியா. ஜார்ஜியாவின் முன்வரிசையில் நின்ற டிராவான் வாக்கர், ஜோர்டன் டேவிஸ், டெவான்டே வயட் மூவரும் அடுத்த ஏப்ரலில், தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போனார்கள். வாக்கர் முதல் ஆளாகவே போனார். விருதைப் பார்த்தேனே தவிர, மிச்சிகன் ஓ-லைனின் ஐந்து பேருக்கு எதிரே யார் நிற்கப்போகிறார்கள் என்று பார்க்கவில்லை.

அந்தத் தப்பைத் திருத்திக்கொள்ள நான் பழகிய முறைதான் இது. 4 டவுனில் 10 யார்டு எடுக்க வேண்டும், டச்டவுனுக்கு 6 புள்ளி என்ற அளவுக்கு ஆட்டம் தெரிந்திருந்தால் போதும். காசு கட்டிப் பார்க்கிற மதிப்பெண் தளம் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, பாக்ஸ் ஸ்கோர் என்கிற ஆட்டக் கணக்கு, ஒவ்வொரு பந்தையும் வரிசையாகச் சொல்கிற பிளே-பை-பிளே பட்டியல். கடைசி இரண்டும் இலவசமாகவே கிடைக்கும்.

படி 1: யார் யார் என்று தெரிந்துகொள்வது

ஓ-லைனில் ஐந்து பேர். நடுவில் நின்று பந்தை ஸ்னாப் செய்பவர், அதாவது பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர், சென்டர். அவருக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே இரு பக்கமும் டேக்கிள். காலேஜ் விதிப்படி இவர்களின் ஜெர்சி எண் 50 முதல் 79-க்குள் இருக்க வேண்டும். ஆகவே தொலைக்காட்சியிலும் கண்டுபிடிப்பது சுலபம். முன்னோக்கி வீசும் பந்தை இவர்கள் பிடிக்கக் கூடாது. வேலையெல்லாம் இரண்டுதான்: ஓட்டத்துக்கு வழி திறப்பது, குவார்ட்டர்பேக் பந்தை வீசும்வரை அவரைக் காப்பது. வலக்கை குவார்ட்டர்பேக் வீசத் திரும்பும்போது இடப்பக்கம் அவர் கண்ணுக்குத் தெரியாது. இடது டேக்கிளுக்கு மவுசு அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

டி-லைன், அதாவது எதிரே தடுக்கும் அணியின் டிஃபென்சிவ் லைன், அவ்வளவு நேர் இல்லை. சில அணிகள் 3 பேரை நிறுத்தும், சில 4 பேரை. சென்டரின் மூக்குக்கு நேரே நிற்பவர் நோஸ் டேக்கிள், ஓரத்தில் இருந்து பாய்பவர் எட்ஜ். இங்கே புதியவர்கள் வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. வீரர் பட்டியலில் 'லைன்பேக்கர்' (டி-லைனுக்குப் பின்னால் நிற்பவர்) என்று போட்டிருக்கும் ஒருவர் ஒவ்வொரு பந்துக்கும் எட்ஜில்தான் நிற்பார். பட்டியலை நம்பி அவரைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டால், அந்த அணியின் டி-லைனில் பாதியை விட்ட மாதிரி. ஆட்டத்தின் முதல் பத்துப் பந்துகளில் பந்து இருக்கும் கோட்டின் மேல் யார் நிற்கிறார்கள் என்று நீங்களே எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வித்தியாசம், இது பெரியது. ஓ-லைனில் அந்த ஐந்து பேர்தான் பெரும்பாலும் முழு ஆட்டமும் ஆடுவார்கள். நாலு பேர் நன்றாகத் தடுத்து ஒருவர் மட்டும் கோட்டைவிட்டாலும் குவார்ட்டர்பேக் தரையில்தான். டி-லைனில் கதை தலைகீழ். மூன்று பேர் சும்மா நின்றாலும் ஒரே ஒருவர் உடைத்துக்கொண்டு வந்தால் போதும். அதனால் ஓ-லைனை எடைபோடும்போது அதன் மோசமான ஆளைத் தேடுகிறேன், டி-லைனில் அதன் சிறந்த ஆளை. 'சராசரியாக நல்ல லைன்' என்ற பேச்சு ஓ-லைனுக்கு எடுபடாது.

படி 2: கண்ணைப் பழக்குவது

கேமரா பந்தின் பின்னால் ஓடும், நம் கண்ணும் கூடவே ஓடும். இதை நிறுத்துவதற்கே எனக்கு ஒரு சீசன் பிடித்தது. ஒரே நேரத்தில் ஐந்து பேரையும் பார்க்க முயன்று தோற்றுப்போகாதீர்கள். முதல் கால்பகுதியில் சென்டரையும் இரண்டு கார்டுகளையும் மட்டும் பாருங்கள். இரண்டாவதில் டேக்கிள்களுக்கு மாறுங்கள். மூன்றாவதில் எதிர் அணி டி-லைனுக்கு. ஸ்னாப் ஆகி இரண்டு நொடிக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. அப்புறம் பந்து எங்கே போனது என்று பார்த்துக்கொள்ளலாம், ரீப்ளேயில் எப்படியும் காட்டுவார்கள்.

அந்த இரண்டு நொடியில் என்ன தேடுவது? முதலில், தோள் யாருடையது தாழ்வாக இருக்கிறது. இரண்டு பேரும் 140 கிலோ என்றால் தாழ்வாகப் புகுந்து கீழிருந்து மேலே தள்ளுபவர்தான் ஜெயிப்பார். இரண்டாவது, மோதல் நடக்கிற இடம். பந்து இருந்த கோட்டிலிருந்து மோதல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது? ரன்னிங் பேக் பந்தோடு கோட்டை அடையும்போது அந்த மனிதக் குவியல் எதிரணிப் பக்கம் ஒரு யார்டு போயிருந்தால் ஓ-லைன் வென்றது. குவியல் அவர் மடியிலேயே வந்து விழுந்திருந்தால் டி-லைன் வென்றது. அவர் அதற்குப் பிறகு நெளிந்து வளைந்து 6 யார்டு எடுத்திருக்கலாம், அது அவர் சாமர்த்தியம். மூன்றாவது, தரையில் மல்லாந்து கிடப்பது எந்த நிறச் சட்டை.

ஒரு எச்சரிக்கை. காலேஜில் முன்னோக்கிப் பந்து வீசும்போதும் ஓ-லைன் ஆட்கள் கோட்டைத் தாண்டி 3 யார்டு வரை போகலாம், என்எஃப்எல்லில் 1 யார்டுதான். அதனால் ஓட்டத்துக்குத் தடுப்பது போலவே எல்லோரும் முன்னேறிச் செல்வார்கள், குவார்ட்டர்பேக் கடைசி நேரத்தில் பந்தை வீசிவிடுவார். இந்த வகைப் பந்தில் பாஸ் தடுப்பு, அதாவது வீசுபவரைக் காக்கும் வேலை, என்று ஒன்றும் நடக்கவே இல்லை. 'குவார்ட்டர்பேக்கை யாரும் தொடவில்லை' என்று ஓ-லைனுக்கு மார்க் போட்டுவிடாதீர்கள்.

படி 3: பாக்ஸ் ஸ்கோரைத் திருத்துவது

இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் ஆட்டம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். காலேஜ் கணக்கில் சாக்கில், அதாவது குவார்ட்டர்பேக் வீசுவதற்கு முன்பே வீழ்த்தப்படும்போது, இழந்த யார்டுகள் ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். என்எஃப்எல்லில் அப்படி இல்லை, அங்கே பாஸ் கணக்கிலிருந்து கழிப்பார்கள். ஆக, காலேஜ் பாக்ஸ் ஸ்கோரில் '40 ஓட்டம், 115 யார்டு' என்று பார்த்தால் உடனே உதட்டைப் பிதுக்காதீர்கள். அதில் 5 சாக், 35 யார்டு இழப்பு என்று வைத்துக்கொள்வோம். உண்மையான ஓட்டம் 35 தடவை, 150 யார்டு. சராசரி 2.9 என்று தெரிந்தது 4.3 ஆகிவிடுகிறது. முதல் எண்ணைப் பார்த்தால் ஓட்டத்தில் சொதப்பிய லைன். திருத்திய பிறகு பார்த்தால் ஓட்டத்தில் நன்றாக இடித்த, பாஸ் தடுப்பில் ஓட்டை உள்ள லைன். வைத்தியமே வேறு.

இதையே டி-லைன் பக்கம் திருப்புங்கள். 'ஆட்டத்துக்கு 80 யார்டு ஓட்டம்தான் கொடுக்கிறது' என்று பெருமையாகச் சொல்லப்படும் அணி உண்மையில் ஓட்டத்தைத் தடுக்கிறதா, இல்லை நிறைய சாக் எடுத்து அந்த எண்ணைக் குறைத்திருக்கிறதா? திருத்திய கணக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும்.

படி 4: ஓட்டத்தில் லைனின் பங்கைப் பிரிப்பது

ஒரு ரன்னிங் பேக் 70 யார்டு ஓடினால் அதில் ஓ-லைனுக்கு எவ்வளவு சேரும்? முதல் நாலைந்து யார்டுக்கு வழி திறந்தது அவர்கள். மிச்சம் ஓடியவரின் கால். இந்த எண்ணத்தின் மேல்தான் 'லைன் யார்டு' என்ற கணக்கு நிற்கிறது. முறை எளிது:

ஓட்டம் பின்னால் போய் இழப்பானால், இழந்த யார்டை 1.2-ஆல் பெருக்கிக் கழிக்கவும். 0 முதல் 4 யார்டு வரை முழுதும் லைனுக்கு. 5 முதல் 10 வரையுள்ள யார்டுகளில் பாதி லைனுக்கு. 10-க்கு மேல் எடுத்தது எதுவும் லைன் கணக்கில் வராது.

ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். கற்பனையாக இரண்டு அணிகள், ஆளுக்குப் பத்து ஓட்டம். முதல் அணி: 2, 3, இழப்பு 1, 4, 1, 62, 0, 3, 2, 5. மொத்தம் 81 யார்டு, சராசரி 8.1. இரண்டாவது அணி: 4, 5, 6, 3, 4, 7, 5, 4, 2, 6. மொத்தம் 46, சராசரி 4.6. நாளிதழில் முதல் அணிக்குத்தான் தலைப்பு. இப்போது லைன் யார்டு. முதல் அணியின் 62 யார்டு ஓட்டத்தில் லைனுக்கு 4-உம் அடுத்த 6-இல் பாதியான 3-உம் சேர்ந்து 7 மட்டும். இழப்புக்கு 1.2 கழிகிறது. 5 யார்டு ஓட்டம் 4.5 ஆகிறது. எல்லாம் கூட்டினால் 25.3, ஓட்டத்துக்கு 2.5. இரண்டாவது அணிக்கு 41.5, ஓட்டத்துக்கு 4.15. எந்த லைன் நம்பகமானது என்று இனி சொல்ல வேண்டியதில்லை.

பெருக்கல் அலுப்பாக இருந்தால் இன்னும் சோம்பேறித்தனமான வழி ஒன்று இருக்கிறது, நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். பிளே-பை-பிளே பட்டியலில் 4 யார்டுக்குக் குறையாத ஓட்டங்களுக்கு ஒரு கோடு, 0 அல்லது இழப்பில் முடிந்தவற்றுக்கு ஒரு குறுக்கு. மேலே உள்ள உதாரணத்தில் முதல் அணிக்கு 3 கோடு, 2 குறுக்கு. இரண்டாவதுக்கு 8 கோடு, குறுக்கே இல்லை. பெரிய கணக்குக்கும் இதற்கும் தீர்ப்பு அநேகமாக ஒன்றாகத்தான் வரும்.

நிஜ ஆட்டத்தில் இது எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2025 ஜனவரி 20 தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டம் நல்ல உதாரணம். ஒஹாயோ ஸ்டேட்டின் குவின்ஷான் ஜட்கின்ஸ் நோட்டர் டேமுக்கு எதிராக 11 ஓட்டத்தில் 100 யார்டு எடுத்தார். ஆகா, ஓட்டத்துக்கு 9 யார்டு! ஆனால் அதில் ஒரே ஓட்டம் 70 யார்டு. மிச்சம் 10 ஓட்டத்தில் 30 தான். அந்த 70 யார்டு கோப்பைக்கு எவ்வளவு முக்கியம் என்பது வேறு பேச்சு. நாம் எடைபோடுவது லைனை.

கூடவே ஒன்று பாருங்கள்: 3-ஆவது அல்லது 4-ஆவது டவுனில் 2 யார்டோ அதற்குக் குறைவோ தேவைப்படும்போது ஓடினால் எத்தனை தடவை கிடைக்கிறது? ஓடப்போகிறார்கள் என்பது மைதானத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த நேரம் அது. ஏமாற்ற வழியில்லை. இரண்டு லைனையும் நேருக்கு நேர் உரசிப் பார்க்க இதைவிடச் சுத்தமான உரைகல் கிடையாது. எண்ணிக்கை குறைவாக இருக்கும் என்பதுதான் குறை. ஒரு ஆட்டத்தில் மூன்று நாலு தடவைதான் வரும், அதனால் சீசன் முழுவதையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 5: பாஸ் தடுப்பு

சாக் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடாதீர்கள். 500 தடவை பந்து வீசி 20 சாக் கொடுத்த அணியும், 200 தடவை மட்டும் வீசி 18 சாக் கொடுத்த அணியும் ஒன்றில்லை. சாக்கை, வீசிய எண்ணிக்கையும் சாக்கும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுங்கள். முதல் அணிக்கு 3.8 சதவீதம், இரண்டாவதுக்கு 8.3.

இதிலும் ஒரு பங்கு குவார்ட்டர்பேக்கைச் சேரும். சிலர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே நிற்பார்கள், எந்த லைனாலும் நாலரை நொடி தாங்க முடியாது. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு பத்துப் பந்துக்கு அளந்து பாருங்கள். இரண்டரை நொடிக்குள் ஆள் உள்ளே வந்தால் லைனின் குற்றம். அதற்கு மேல் போனால் பழியைப் பங்கு போடலாம். மறுபக்கம், ஸ்னாப் ஆன ஒன்றரை நொடியில் ஓரத்துக்குத் தட்டிவிடுகிற அணிகள் உண்டு. மறைந்த மைக் லீச் பயிற்றுவித்த அணிகளை நினைத்துக்கொள்ளுங்கள், லைன் ஆட்களுக்கு இடையில் ஆள் புகுகிற அளவுக்கு இடைவெளி விட்டு நிறுத்துவார். இப்படி வீசும் அணிகளில் சாக் சதவீதம் குறைவாக இருப்பது லைனின் பலத்தால் மட்டும் இல்லை.

அதனால் பாஸ் தடுப்பை எடைபோட நான் பார்ப்பது 'எல்லோருக்கும் தெரிந்த' பாஸ் டவுன்கள்: 2-ஆவது டவுனில் 8 யார்டுக்கு மேல் தேவை, 3-ஆவதில் 5-க்கு மேல் தேவை. அந்த நேரத்தில் எட்ஜ் ஆள் ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் காதை மடக்கிக்கொண்டு பாய்வார். அங்கே தாங்குகிற டேக்கிள்தான் டேக்கிள். முதல் டவுனில் தாங்குவதற்குப் பாராட்டு எதற்கு?

பெனால்டியையும் பாருங்கள். ஹோல்டிங் என்பது பல நேரம் 'தோற்றுவிட்டேன், சட்டையைப் பிடித்துக்கொண்டேன்' என்ற ஒப்புதல் வாக்குமூலம். ஸ்னாப்புக்கு முன் அசைவது வெளியூர் ஆட்டத்தில்தான் கூடும். ஒரு லட்சம் பேர் கத்துகிற பென் ஸ்டேட் மைதானத்தில் டேக்கிளுக்குக் குவார்ட்டர்பேக்கின் குரல் காதில் விழாது.

படி 6: டி-லைனை எடைபோடுவது

ஜோர்டன் டேவிஸிடம் திரும்புவோம். 6 அடி 6 அங்குலம், 155 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த உடம்போடு 40 யார்டை 4.78 நொடியில் ஓடினார், இதை எழுதும்போது இன்னும் நம்ப முடியவில்லை. 2021 சீசனில் அவர் எடுத்த சாக் 2 தான். சாக் பட்டியலை வைத்துப் பார்த்தால் அவர் பெயர் எங்கோ கீழே கிடக்கும். ஆனால் நாட்டின் சிறந்த லைன் ஆளுக்கான அவுட்லண்ட் டிராஃபி அந்த வருடம் அவருக்குத்தான். ஏனென்றால் நடுவில் அவர் நின்றால் சென்டரும் கார்டும் சேர்ந்து இரண்டு பேராகத்தான் சமாளிக்க வேண்டும். இரண்டு பேர் அவருக்குச் செலவானால் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தடுக்க ஆள் குறையும். அந்த லைன்பேக்கர் நக்கோபி டீன் அதே வருடம் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதை வாங்கினார். டீனின் எண்களில் ஒரு பகுதி டேவிஸின் சம்பாத்தியம்.

ஆகவே நடுவில் நிற்பவருக்குச் சாக்கையும், அவர் மடக்கி வீழ்த்திய ஆட்களையும் எண்ண வேண்டாம். அவரை எத்தனை பேர் சேர்ந்து தடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பத்துப் பந்துக்கு ஏழு தடவை இருவர் என்றால், எதிர் அணியின் பயிற்சியாளரே அவருக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

எட்ஜ் ஆட்களுக்கு வேறு அளவுகோல். 4 பேர் மட்டும் பாய்ந்தபோது குவார்ட்டர்பேக்கை எத்தனை தடவை நகர வைத்தார்கள்? பின்னாலிருந்து ஐந்தாவது, ஆறாவது ஆளை பிளிட்ஸ் அனுப்பி எடுத்த சாக் டி-லைனின் பலமாகாது, அது கடன் வாங்கிச் செலவழிப்பது. பாஸ் விழக்கூடிய இடத்தில் ஓர் ஆளைக் குறைத்துத்தான் அதை வாங்குகிறார்கள். 4 பேரை வைத்தே நெருக்குகிற அணிக்குப் பின்னால் 7 பேர் காவலுக்கு மிச்சம் இருப்பார்கள். ஓட்டத்துக்கும் இதே கேள்விதான்: கோட்டருகே 6 பேரை வைத்தே தடுக்கிறார்களா, இல்லை 8 பேரைக் கூட்டிவந்து தடுக்கிறார்களா?

அப்புறம் மாற்று ஆட்கள். ஓ-லைன் மாறாது, டி-லைன் மாறிக்கொண்டே இருக்கும். நல்ல அணிகள் எட்டுப் பத்துப் பேரைச் சுழற்சியில் விடும். ஒவ்வொரு கால்பகுதியிலும் டி-லைனில் எத்தனை வேறு வேறு எண்கள் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தே பேரை வைத்து ஓட்டுகிற அணி மூன்றாவது கால்பகுதி வரை சிங்கம், நாலாவதில் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கும்.

படி 7: இந்த வாரம் யார் ஆடுகிறார்

சீசன் சராசரி என்பது ஐந்து பேர் சேர்ந்து எடுத்த மார்க். அந்த ஐவரில் ஒருவர் மாறினால் அந்த மார்க்கே வேறு யாருடையதோ.

2024 ஒஹாயோ ஸ்டேட்டைப் போல இதைக் கற்றுத்தந்த அணி வேறில்லை. சான் டியாகோ ஸ்டேட்டிலிருந்து மாற்றலாகி வந்த ஜாஷ் சிம்மன்ஸ் இடது டேக்கிள். சென்டர் சேத் மெக்லாஃப்லின் அலபாமாவிலிருந்து வந்தவர். 2024 ஜனவரி 1 ரோஸ் பவுலில், கூடுதல் நேரத்தில் அலபாமாவின் கடைசிப் பந்து தாழ்வான ஸ்னாப்போடு போய் முடிந்ததே, அதை ஸ்னாப் செய்தவர் இவர்தான். அந்த ஒரு ஆட்டத்தை வைத்து அவரை முடித்துக்கட்டியவர்கள் நிறையப் பேர். அதே வருட இறுதியில் நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் டிராஃபி அவருக்குக் கிடைத்தது. ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பெழுதுவதன் லட்சணம் அவ்வளவுதான்.

அக்டோபர் 12, ஓரிகன் ஆட்டத்தில் சிம்மன்ஸ் காயப்பட்டு சீசனை விட்டே போனார். இரண்டு வாரம் கழித்து நெப்ராஸ்காவோடு தட்டுத்தடுமாறி 21-17. பிறகு இடது கார்டு டானவன் ஜாக்சனை டேக்கிளுக்கு நகர்த்தினார்கள். பென் ஸ்டேட்டில் 20-13 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசி ஐந்து நிமிடத்துக்கு மேல் வெறும் ஓட்டத்திலேயே கடிகாரத்தைத் தின்று தீர்த்தது இந்தப் புதுக் கூட்டணி. சரி, ஒட்டுப்போட்டாகிவிட்டது என்று நினைத்தால் நவம்பரில் பயிற்சியின்போது மெக்லாஃப்லினின் குதிகால் தசைநார் அறுந்தது. நவம்பர் 30 அன்று எதிரே மிச்சிகன். அதுவரை 6 வெற்றி, 5 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்த அணி. ஆனால் அதன் நடுவில் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் நின்றார்கள். இருவரும் அடுத்த டிராஃப்டில் முதல் 13 இடங்களுக்குள் போனவர்கள். ஒஹாயோ ஸ்டேட்டின் ஓட்டம் 77 யார்டில் அடங்கியது, ஆட்டம் 13-10 என்று மிச்சிகனுக்குப் போனது. சீசன் மொத்தப் பட்டியலை வைத்து ஒப்பிட்டவர் யாரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். சென்டர் இல்லாத அணி, எதிரே நாட்டின் சிறந்த இரண்டு நடு ஆட்கள் என்று இரண்டு வரி எழுதி வைத்திருந்தவர் குறைந்தபட்சம் பயந்திருப்பார்.

சீசன் தொடங்குமுன் இதே வேலையைச் செய்ய, ஐந்து பேரும் இதுவரை எத்தனை ஆட்டம் முதல் பந்திலிருந்து ஆடியிருக்கிறார்கள் என்று கூட்டுங்கள். மூன்றாம், நான்காம் ஆண்டு ஆட்கள் எத்தனை பேர், மாற்றலாகி வந்தவர்கள் எத்தனை பேர் என்றும் பாருங்கள். பள்ளியில் ஆடும்போது வீரர்களுக்கு மதிப்பீடாகப் போடுகிற நட்சத்திரங்களை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. 18 வயதில் இருக்கும் உடம்பு 21-இல் வேறு உடம்பு. டேவிஸும் 3 நட்சத்திர ஆள்தான்.

படி 8: யாரோடு ஆடி எடுத்த மார்க்

இது சுருக்கம்தான். கீழ்ப்பிரிவுச் சிறு கல்லூரியோடு ஆடிய ஆட்டத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்று நாலு டச்டவுன் முன்னிலைக்குப் பிறகு நடந்த பந்துகளையும் எடுத்துவிடுங்கள், அப்போது ஆடுவது மாற்று ஆட்கள். இரண்டு அணிகளும் பொதுவாகச் சந்தித்த எதிரி ஒருவர் இருந்தால் அந்த இரண்டு ஆட்டத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஆட்ட பாணியையும் மறக்க வேண்டாம். 2024-இல் ஜோ மூர் விருதை வாங்கியது ஆர்மி. ராணுவ அகாடமிக்கு அந்த விருது வந்தது அதுவே முதல் முறை. பாஸே அரிதாக வீசி, ஆட்டத்துக்குச் சுமார் 300 யார்டு ஓடிய அணி. எதிர் டி-லைனைக் குழப்பி, கோணத்தில் போய்த் தடுப்பது அவர்கள் வித்தை. நவம்பர் 23 அன்று நோட்டர் டேமிடம் 49-14 என்று தோற்றார்கள். விருது தப்பு என்று சொல்லவில்லை. பெரும்பாலும் ஓடுகிற லைனையும் பெரும்பாலும் வீசுகிற லைனையும் ஒரே தராசில் வைத்தால் தராசு பொய் சொல்லும், அவ்வளவே.

படி 9: இரண்டையும் எதிரெதிரே வைப்பது

இதுவரை எழுதியதை ஒரு பக்கத்தில் கொண்டுவாருங்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஒரு அணியின் ஓ-லைன், வலப்பக்கம் எதிர் அணியின் டி-லைன். அடுத்த பக்கத்தில் மாற்றிப் போட்டு அதே வேலை. தர வரிசை எண் எதுவும் எழுத வேண்டாம். எழுத வேண்டியது மூன்றே வரி: இந்த ஓ-லைனில் நம்பிக்கையில்லாத ஆள் யார், அவருக்கு எதிரே நிற்கப்போவது யார், 2 யார்டு தேவைப்படும்போது யார் ஜெயித்துவந்திருக்கிறார்கள்.

பழகிக்கொள்ள 2025 ஜனவரி 10 காட்டன் பவுல் ஆட்டத்தை எடுங்கள், ஒஹாயோ ஸ்டேட்டும் டெக்சாஸும். டெக்சாஸின் இடது டேக்கிள் கெல்வின் பேங்க்ஸ் அந்த வருடத்தின் அவுட்லண்ட் டிராஃபி வாங்கியவர். 'டெக்சாஸ் ஓ-லைன் பலம்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ஆட்டத்தின் கடைசிக் கட்டம், ஒஹாயோ ஸ்டேட் 21-14 முன்னிலை. டெக்சாஸ் கையில் பந்து, டச்டவுன் கோட்டுக்கு 1 யார்டு, நாலு டவுனும் மிச்சம். அந்த நாலு பந்தையும் பந்தைப் பார்க்காமல், முன்வரிசையை மட்டும் பார்த்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

முதல் பந்து நடுவில் ஓட்டம்: குவியல் ஒரு அங்குலம் நகரவில்லை. இரண்டாவது, ஓரத்துக்குத் தூக்கிப்போட்டு ஓட்டம்: ஓடியவர் திரும்புவதற்குள் ஆட்கள் உள்ளே, 7 யார்டு இழப்பு. 1 யார்டு 8 ஆகிவிட்டது. நடுவில் நேராக இடிக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்திருந்தால் அந்தப் பக்கவாட்டு ஓட்டத்தை யாராவது அழைத்திருப்பார்களா? முதல் பந்தில் தோற்றது இரண்டாவது பந்தைத் தீர்மானித்தது. மூன்றாவது, வீசிய பாஸ் வீண். நாலாவதில் எல்லோருக்கும் தெரியும், வீசியே ஆக வேண்டும். எட்ஜிலிருந்து ஒஹாயோ ஸ்டேட்டின் ஜாக் சாயர் வந்தார், டெக்சாஸ் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டினார், தானே எடுத்துக்கொண்டு 83 யார்டு ஓடி மறுகோடியில் டச்டவுன் போட்டார். 28-14. யூவர்ஸ் ஒரு காலத்தில் ஒஹாயோ ஸ்டேட்டில் இருந்தவர், அப்போது இருவரும் ஒரே அறைவாசிகள்.

உங்கள் நோட்டில் இந்த நாலு பந்துக்கும் நாலு வரி எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் பின்வாங்கிய டெக்சாஸ் ஆளின் ஜெர்சி எண், அவரைத் தள்ளியவரின் எண். பேங்க்ஸின் எண் 78.